ஊசியும் நூலும் லேபுக்குள் வரட்டும்!



அறிவியல் கண்காட்சி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நாம் முதலில் ஓடுவது எங்கே? லேபுக்கா? இல்லை. நூலகத்துக்கா? அதுவும் இல்லை. தெர்மாகோல் விற்கிற கடைக்கு! அதை வெட்டி, பெயிண்ட் அடித்து, எரிமலை, அணைக்கட்டு, காற்றாலை என்று ஏதாவது ஒன்றை நிற்க வைக்கிறோம். நடுவில் ஒரு பல்பு எரிந்தால்தான் அது "வொர்க்கிங் மாடல்". அந்தப் பல்பை யார் எரிய வைப்பது? பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன்! பார்க்க வந்தவர் "ஏம்ப்பா, இந்த வயர் எதுக்கு இங்க வருது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போச்சு. நாம் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்போம், அவன் சீலிங்கைப் பார்ப்பான்.

இது யாரையும் குறை சொல்வதற்காக எழுதியது இல்லை. ஆறாம் வகுப்பிலேயே மின்கலம், சாவி, மின்கடத்தி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் படித்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பில் ஓம் விதி வருகிறது. கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்போம். ஆனால் கையில் ஒரு செல்லையும் ஒரு எல்.இ.டி.யையும் கொடுத்து "எரிய வை" என்றால் எத்தனை பேர் எரிய வைப்போம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

என் கருத்து இதுதான். கைத்தொழில் பீரியடையும் இயற்பியல் லேபையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். துணியிலும் அட்டையிலும் நாமே மின்சுற்று தைத்துப் பழக வேண்டும். ஊசி, நூல், கத்தரிக்கோல், பசை, எல்.இ.டி., செல் இவ்வளவும் ஒரே மேசை மேல் இருக்க வேண்டும். "தையலுக்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று சிரிக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரி வரை படித்துவிட்டுச் சிரிக்கவும்.

தைத்த மின்சுற்று என்றால் என்ன?

ரொம்ப எளிது. புத்தகத்தில் செல்லிலிருந்து பல்புக்கு ஒரு கோடு போட்டிருக்கும் இல்லையா? அந்தக் கோட்டை வயருக்குப் பதிலாக நூலால் போடுவதுதான். சாதாரணப் பருத்தி நூல் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழையில் செய்த நூல் கடத்தும். அதை ஊசியில் கோத்து ரன்னிங் தையல் போட்டால் தையல் போகிற வழியெல்லாம் மின்சாரம் போகும். எல்.இ.டி.யின் கால்களை வளையமாகச் சுருட்டித் துணியில் பட்டன் தைப்பது போலத் தைத்துவிடலாம். சாவிக்கு எங்கே போவது? சட்டையிலும் பிளவுஸிலும் இருக்கிற டிச் பட்டன் போதும். இரண்டு பக்கமும் உலோகம். அழுத்தினால் சேரும், இழுத்தால் பிரியும். சாவி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த கைடில் இருக்கிறது?

நூல் கிடைக்கவில்லையா? பழைய வயரின் உள்ளே இருக்கிற மெல்லிய செம்புக் கம்பிகளைப் பிரித்துத் துணி மேல் வைத்து, சாதாரண நூலால் பிடித்துத் தைக்கலாம். அட்டை வேலை என்றால் சமையலுக்கு வாங்குகிற அலுமினியத் தாளை நீளமாக வெட்டி ஒட்டினால் போதும். பொங்கல் வாழ்த்து அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பானைக்கு மேலே சூரியன் இருக்குமே, அந்த இடத்தில் ஒரு மஞ்சள் எல்.இ.டி. வையுங்கள். அட்டையின் ஒரு மூலையில் "இங்கே அழுத்தவும்" என்று எழுதுங்கள். அழுத்தினால் இரண்டு அலுமினியத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும், சூரியன் எரியும். வாங்கியவர் அந்த அட்டையைத் தூக்கிப் போடுவாரா?

இது புதுசும் இல்லை, வெளிநாட்டுச் சரக்கு மட்டும் இல்லை

பட்டுப்புடவை ஜரிகையைப் பாருங்கள். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. வெள்ளி மின்கடத்தியா இல்லையா? உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான்! அப்படியென்றால் காஞ்சிபுரத்து நெசவாளர்கள் மின்கடத்தும் நூலைத் தலைமுறை தலைமுறையாக நெய்து வருகிறார்கள். (உடனே அம்மாவின் கல்யாணப் புடவையில் கை வைக்க வேண்டாம்! விலை மலிவான பிளாஸ்டிக் ஜரிகையில் மேலே ஒரு பூச்சு இருப்பதால் பெரும்பாலும் கடத்தாது. தையல் கடையில் கிடைக்கும் துண்டு ஜரிகையை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.)

1883 மார்ச் 26-ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாண்டர்பில்ட் என்ற பணக்காரக் குடும்பம் ஒரு மாறுவேட விருந்து வைத்தது. அதற்கு ஆலிஸ் வாண்டர்பில்ட் என்ற பெண்மணி "மின்விளக்கு" வேடம் போட்டு, கையில் ஒரு விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். எடிசனின் மின் நிலையம் அந்த ஊரின் பேர்ல் தெருவில் தொடங்கியதே 1882 செப்டம்பரில்தான். ஏழு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மின்சாரம் உடைக்குள் வந்துவிட்டது! 1956-ல் ஜப்பானில் அட்சுகோ தனாகா என்ற ஓவியர் கலர் கலராகப் பெயிண்ட் அடித்த பல்புகளாலேயே ஓர் உடை செய்து போட்டுக்கொண்டார்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கினான் அல்லவா? அந்த அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்குள் இருந்த நிரல், கையால் கோத்த நிரல். அமெரிக்காவின் வால்தம் நகரிலிருந்த ரேதியான் கம்பெனியில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து, சின்னச் சின்னக் காந்த வளையங்களுக்குள் ஊசி போட்டு வயரைக் கோத்தார்கள். வயர் வளையத்தின் உள்ளே போனால் 1, வெளியே போனால் 0. ஒரு வயர் மாறினால் நிரலே மாறிவிடும். இப்போது சொல்லுங்கள், தையலுக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் சம்பந்தம் இல்லையா?

நம்ம ஊரோடு தொடர்புடைய ஒன்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பேராசிரியர் ஆனார். அவருடைய குழு 1996-ல் ஒரு சட்டை செய்யும் வேலையைத் தொடங்கியது. ராணுவ வீரருக்கான சட்டை அது. துணிக்குள்ளேயே பிளாஸ்டிக் ஒளியிழையை நெய்திருந்தார்கள். குண்டு துளைத்தால் அந்த இடத்தில் ஒளி அறுந்துபோகும், எங்கே அடிபட்டது என்று தெரியும். இதயத் துடிப்பைப் பார்க்கும் சென்சாரையும் அதில் பொருத்தலாம். டெக்ஸ்டைல் என்றால் துணிக்கடை மட்டும்தான் என்று நினைக்கிற நமக்கு இது ஒரு பாடம் இல்லையா?

வெறும் பேச்சு வேண்டாம், ஒரு உதாரணம்

நம்மில் பல பேர் மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில்தான் வீட்டுக்குப் போகிறோம். சைக்கிள் பின்னால் ரிஃப்ளெக்டர் உடைந்திருக்கும். யூனிஃபார்ம் இருட்டில் தெரியாது. பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நாம் இருப்பது எப்படித் தெரியும்? இந்தப் பிரச்சினைக்கு நாமே செய்யக்கூடிய ஒரு பொருள் உண்டு. ஸ்கூல் பேகின் பின்பக்கம் தைக்கிற ஒரு சிவப்பு விளக்குப் பட்டை.

வேண்டியவை: ஒரு சாண் அகலமான பெல்ட் துணி, இரண்டு சிவப்பு எல்.இ.டி., இரண்டு ரெசிஸ்டர், இரண்டு பென்சில் செல், செல் வைக்கும் ஹோல்டர், ஒரு டிச் பட்டன், நூல். அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பென்சில் செல் 1.5 வோல்ட். இரண்டைத் தொடரிணைப்பில் வைத்தால் 3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 2 வோல்ட். மீதி 1 வோல்ட். எல்.இ.டி.க்குள் 10 மில்லி ஆம்பியர், அதாவது 0.01 ஆம்பியர் போனால் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதி என்ன சொல்கிறது? மின்தடை என்பது மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது. 1-ஐ 0.01-ஆல் வகுத்தால் 100. ஆக, ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் 100 ஓம் ரெசிஸ்டர். பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதும் கணக்கு இங்கே விளக்காக எரிகிறது!

இன்னும் ஒன்று. ஸ்டீல் நூலுக்கே மின்தடை உண்டு. செம்பு வயர் போல இல்லை. தைத்த தூரத்துக்கு மல்டிமீட்டர் 30 ஓம் காட்டினால், ரெசிஸ்டரை 70 ஓம் பக்கத்தில் வைத்தால் போதும். நூலின் நீளம் கூடினால் மின்தடை கூடும் என்று புத்தகத்தில் படித்தது ஞாபகம் வருகிறதா? அதைத்தான் ஊசியால் செய்து பார்க்கிறோம்.

எத்தனை நாள் எரியும்? நல்ல ஆல்கலைன் பென்சில் செல்லில் ஏறக்குறைய 2000 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். இரண்டு எல்.இ.டி.யும் பக்க இணைப்பில் சேர்ந்து எடுப்பது 20 மில்லி ஆம்பியர். 2000-ஐ 20-ஆல் வகுத்தால் 100 மணி நேரம். தினமும் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் 200 நாள். போகப் போக வெளிச்சம் மங்கும், சாதாரண செல்லில் அதில் பாதிகூட வராமல் போகலாம். அப்படியிருந்தும் பல மாதம் ஓடும். ரிஃப்ளெக்டருக்குப் பதில் இது என்று நான் சொல்லவில்லை. ரிஃப்ளெக்டரும் வேண்டும், இதுவும் வேண்டும்.

எரியலையா? அங்கேதான் படிப்பு ஆரம்பம்!

ரெடிமேட் கிட் வாங்கி மாட்டினால் எரியும், நாமும் கை தட்டிவிட்டுப் போய்விடுவோம். நாமே தைத்தால் முதல் தடவை பெரும்பாலும் எரியாது. ஏன் எரியலை என்று தேட ஆரம்பிப்பதுதான் அறிவியல். என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பாருங்கள்.

ஒன்று, எல்.இ.டி. திரும்பியிருக்கலாம். அதில் மின்சாரம் ஒரு திசையில்தான் போகும். நீளமான கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். பழைய டார்ச் பல்பை எப்படி மாட்டினாலும் எரியும், எல்.இ.டி. அப்படி இல்லை.

இரண்டு, முடிச்சுக்குப் பின்னால் விட்ட நூல் வால் நீண்டு எதிர்ப்பக்கத் தையலைத் தொட்டிருக்கலாம். வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது, இந்த நூலுக்கு இல்லை. பிளஸ் தையலும் மைனஸ் தையலும் தொட்டால் குறுக்குச்சுற்று. செல் சூடாகும். வாலை ஒட்ட வெட்டி முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் அவிழாது. அக்காவிடம் கேட்டு வாங்கவும்!

மூன்று, தையல் லூஸாக இருக்கலாம். துணியை மடித்தால் எரியும், விரித்தால் அணையும். தையல் டீச்சர் "இழுத்துப் போடு, இழுத்துப் போடு" என்று சொல்வது எதற்கு என்று அப்போது புரியும்.

நான்கு, இது கொஞ்சம் சுவாரசியமானது. அழகுக்காக ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் ரெசிஸ்டர் இல்லாமல் பக்க இணைப்பில் வைக்கிறோம். சிவப்பு எரிகிறது, வெள்ளை எரியவே மாட்டேன் என்கிறது. வெள்ளை கெட்டுப்போச்சா? இல்லை! சிவப்புக்கு 2 வோல்ட் அளவு போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் அளவு வேண்டும். பக்க இணைப்பில் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம்தான் கிடைக்கும். சின்ன பட்டன் செல்லில் சிவப்பு எல்.இ.டி. மின்னோட்டத்தை இழுத்து, மின்னழுத்தத்தைத் தன் அளவுக்கு இறக்கிவிடும். வெள்ளை பட்டினி!

ஐந்து, இரண்டு சிவப்பைத் தொடரிணைப்பில் வைத்தாலும் 3 வோல்ட்டில் எரியாது. இரண்டு, இரண்டு, நாலு வோல்ட் வேண்டுமே! கோயில் திருவிழாவில் தொங்குகிற பழைய பல்பு சீரியல் செட்டை நினைத்துப் பாருங்கள். 6 வோல்ட் பல்புகள் 38 அல்லது 40-ஐ ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துத்தான் 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ள வைத்தார்கள். ஒன்று ஃபியூஸ் ஆனால் வரிசையே அணைந்தது அதனால்தான். நம் கையில் இருக்கிற குட்டித் துணிக்கும் கோயில் பந்தலுக்கும் ஒரே விதி!

இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் நாளைக்கே மறந்துவிடுவோம். அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தால் மறக்க முடியுமா?

ஆண் வேலை, பெண் வேலை

இதையும் பேசித்தான் ஆக வேண்டும். தையல் பீரியட் என்றால் "கேர்ள்ஸ் எல்லாம் வாங்க" என்கிறோம். ஸ்டேஜில் மைக் செட் வயர் இழுக்க வேண்டும் என்றால் "பாய்ஸ் நாலு பேர் வாங்க" என்கிறோம். யார் போட்ட சட்டம் இது? ஊரில் இருக்கிற பெரிய டெய்லர்களில் பல பேர் ஆண்கள். நிலவுக்குப் போன கணினியைக் கோத்தவர்கள் பெண்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் இது எப்படித் தலைகீழாகப் போனது?

அமெரிக்காவில் லியா பீக்லி என்ற ஆராய்ச்சியாளர் துணியில் தைக்கக்கூடிய ஒரு குட்டிக் கணினிப் பலகையை உருவாக்கினார். லில்லிபேட் அர்டுயினோ என்று பெயர். தாமரை இலை போல வட்டமாக, ஓரத்தில் ஊசி போக ஓட்டைகளோடு இருக்கும். 2007-ல் விற்பனைக்கு வந்தது. அதை வைத்து யார் யார் என்ன செய்தார்கள் என்று அவரும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் பார்த்து 2010-ல் எழுதினார்கள். சாதாரண அர்டுயினோ பலகையை வைத்துச் செய்து காட்டியவர்களில் பெண்கள் மிகச் சொற்பம். லில்லிபேடை வைத்துச் செய்து காட்டியவர்களில் பெண்களே அதிகம்! இரண்டுக்குள்ளும் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது மேசை மேல் இருந்த பொருள். ஊசியும் துணியும் வந்ததும் "இது எனக்கும் உரியது" என்று பெண்கள் உட்கார்ந்தார்கள். அதே மாதிரி இங்கே ஒரு எல்.இ.டி.யை மேசையில் வைத்தால் பையன்களும் வெட்கப்படாமல் ஊசியைப் பிடிப்பார்கள். சட்டைப் பட்டன் அறுந்தால் அம்மாவைத் தேடாமல் தானே தைத்துக்கொள்வான். இந்த ஒரு லாபத்துக்காகவே இதைச் செய்யலாமே!

நீங்கள் கேட்கப்போகிற கேள்விகள்

"மார்க் வருமா?" வரும். ஆனால் நேரடியாக இல்லை. ரெசிஸ்டரைத் தானே கணக்குப் போட்டு மாட்டியவனுக்கு ஓம் விதிக் கணக்கு பயமாக இருக்காது. அப்படியே மார்க் வராவிட்டாலும் என்ன? வாரத்தில் கைத்தொழிலுக்கென்று இருக்கிற ஒரே பீரியடைக் கணக்கு சாரும் இங்கிலீஷ் மிஸ்ஸும் கடன் வாங்குகிறார்கள். (கோபித்துக்கொள்ள வேண்டாம் சார், மிஸ்!) போர்ஷன் முடிக்க வேண்டும் என்கிற அவர்கள் கஷ்டமும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"செலவு?" 2016-ல் நிதி ஆயோக் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை என்று அறிவித்தது. கிடைத்த பள்ளிகளுக்கு வாழ்த்துகள். கிடைக்காத பள்ளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சி, பழைய செருப்பு, சைக்கிள் டியூப் என்று குப்பைக்குப் போகிற பொருளில் அறிவியல் பொம்மை செய்து காட்டியே வாழ்நாளைச் செலவிட்டவர். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு செல், ஒரு காந்தம், கொஞ்சம் செம்புக் கம்பி வைத்து அவர் செய்து காட்டிய மோட்டார் சுற்றும்போது வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். தமிழக அரசும் 2022 நவம்பரில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வானவில் மன்றம் தொடங்கியது. செய்து பார்த்துப் படி என்பதுதான் அதன் நோக்கம். ஆக, பெரியவர்களுக்கும் இதில் மறுப்பு இல்லை. நமக்கு வேண்டியது ஒரு பெட்டி எல்.இ.டி., ஒரு மல்டிமீட்டர், ஒரு பீரியட். கண்காட்சிக்குத் தெர்மாகோல் வாங்குகிற காசிலேயே இதில் பாதி அடங்கிவிடும்.

"ஆபத்து இல்லையா?" நியாயமான கேள்வி. அதனால் சில விதிகளைக் கட்டாயமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சுவர் பிளக்கில் வருகிற 230 வோல்ட் பக்கம் போகவே கூடாது. சீரியல் செட்டை அறுத்துத் தைக்கவே கூடாது. பழைய செல்போன் பேட்டரியைப் பிரிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். இரண்டு பென்சில் செல்லின் 3 வோல்ட் போதும், உடம்பில் பட்டாலும் ஷாக் அடிக்காது. ஆனால் நேராக பிளஸையும் மைனஸையும் சேர்த்தால் சுடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பட்டன் செல். இருபது மில்லிமீட்டர் அகலத்தில் மிட்டாய் மாதிரி பளபளவென்று இருக்கும். வீட்டில் தவழ்கிற தம்பி தங்கை அதை விழுங்கினால் தொண்டைக்குழாயில் மாட்டிக்கொண்டு, உள்ளே மின்சாரம் பாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். உயிரே போகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால்தான் பேக் பட்டைக்குப் பென்சில் செல் என்று எழுதினேன். பொங்கல் அட்டைக்கு பட்டன் செல்தான் வேண்டும் என்றால் டீச்சர் எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். அட்டையை வீட்டுக்கு அனுப்பும்போது செல் கையில் கழன்று வராதபடி அழுத்தமாக மூடித் தைத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அனுப்பவே வேண்டாம். தீர்ந்த செல்லைக் குப்பையில் வீசாமல் தனி டப்பாவில் சேர்க்க வேண்டும். கண்காட்சி முடிந்ததும் எல்.இ.டி.யைப் பிரித்து அடுத்த ஆண்டுக்கு வைக்க வேண்டும். தெர்மாகோல் எரிமலையை அப்படி வைக்க முடியுமா?

"இதெல்லாம் விளையாட்டுத்தானே?" ஆமாம், விளையாட்டுத்தான்! நவராத்திரி கொலுவில் ஒரு பொம்மையின் கையை இன்னொரு பொம்மையின் கையோடு சேர்த்தால் குத்துவிளக்கு எரிகிற மாதிரி செய்வது விளையாட்டு இல்லாமல் வேறென்ன? ஆனால் அந்த விளையாட்டுக்குள் மின்கடத்தி இருக்கிறது, மின்சுற்று மூடுவது இருக்கிறது, திறப்பது இருக்கிறது. விளையாடிக்கொண்டே கற்றதை யாரும் டியூஷன் வைத்து மறுபடி சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் கோரிக்கை

தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவோடு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, வாரத்தில் ஒரு கைத்தொழில் பீரியடை யாரும் கடன் வாங்காமல் காப்பாற்றித் தர வேண்டும். அதில் தையல் டீச்சரும் இயற்பியல் சாரும் மாதம் ஒரு முறையாவது ஒன்றாக வகுப்பு எடுக்க வேண்டும். ஒருவருக்கு ஓம் விதி தெரியும், இன்னொருவருக்கு இழுத்துத் தைக்கத் தெரியும். எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

இரண்டாவது, இந்த ஆண்டுக் கண்காட்சியில் "தைத்த மின்சுற்று" என்று ஒரு மேசை தர வேண்டும். பாய்ஸ், கேர்ள்ஸ் கலந்த குழுக்களாக இருக்கட்டும்.

மூன்றாவது, பரிசு கொடுக்கும்போது எது பளபளப்பாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், "இது முதலில் ஏன் எரியலை? எப்படிச் சரி செய்தாய்?" என்று கேட்டு அதற்கும் மார்க் போட வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எலக்ட்ரீஷியன் அண்ணன் வர முடியாது. செய்தவன்தான், செய்தவள்தான் சொல்ல முடியும்.

நண்பர்களே, பெரிய கண்டுபிடிப்பு எதுவும் செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு முழம் துணி, ஒரு ஊசி, ஒரு எல்.இ.டி., அவ்வளவுதான். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். மின்சாரமும் கைப்பழக்கம்தான்! இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் கீழே விட்டிருக்கிற வெள்ளை இடத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், அடுத்தவருக்கும் இடம் வேண்டும். "நானும் வருகிறேன்" என்பவர்கள் வகுப்பையும் பிரிவையும் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் முதல் பேக் பட்டையைத் தைக்க ஆரம்பித்துவிடலாம்.



- பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி